கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் பரீட்சை

கணினி அறிவியல் பரீட்சை எழுதப் போகும் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் முன்னால் கணினி இருக்காது. கேள்வித்தாள், விடைத்தாள், பேனா, அவ்வளவுதான். சில பாடத்திட்டங்களில் கால்குலேட்டருக்குக்கூட அனுமதி கிடையாது. நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளின் வரிசையை, தாளிலேயே எழுத வேண்டும். அச்சடித்துக் கொடுத்த நிரலைப் படித்து, அது என்ன விடை தரும் என்று சொல்ல வேண்டும். "நீச்சல் பரீட்சையைத் தரையில் வைக்கிற மாதிரி இருக்கிறதே" என்று பெற்றோர் கேட்டால் அதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும்.

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. இந்தப் பாடத்தின் உயிரே அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு குட்டி நிரல்:

தொகை = 0
எண் = 1
எண் 5-ஐ விடக் குறைவாக இருக்கும்வரை திரும்பச் செய்:
    தொகை = தொகை + எண்
    எண் = எண் + 1
தொகையைக் காட்டு

கடைசியில் திரையில் என்ன வரும்?

15 என்று சொல்பவர்கள் நிறைய. 1 முதல் 5 வரை கூட்டச் சொல்கிறது என்று கண் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. "குறைவாக" என்ற சொல் கண்ணில் பட்டாலும் மனதில் நிற்பதில்லை. பொறுமையாக உட்கார்ந்து, தாளில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு சுற்று முடியும்போதும் எந்த மாறியில் (மதிப்பை வைக்கும் பெட்டி; இங்கே தொகை, எண்) என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போனால் இப்படி வரும்:

எண் | தொகை
1 | 0
2 | 1
3 | 3
4 | 6
5 | 10

எண் 5 ஆனதும் நிபந்தனை பொய்யாகிவிடுகிறது, திரும்பச் செய்யும் சுற்று, அதாவது லூப், நின்றுவிடுகிறது. விடை 10. "நிரல் முடியும்போது எண் என்ற மாறியில் இருப்பது என்ன?" என்று கூடவே ஒரு துணைக்கேள்வி வரும். கடைசியாகக் கூட்டியது 4 என்பதால் 4 என்று எழுதுவார்கள். அதில் இருப்பது 5.

சரி, உள்ளே இருக்கும் இரண்டு வரிகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். முதலில் எண் ஒன்று கூடட்டும், அப்புறம் தொகையில் சேரட்டும். கட்டளைகள் அதேதான், வரிசைதான் மாறியிருக்கிறது. இப்போது 2, 3, 4, 5 கூட்டப்படுகின்றன. விடை 14.

இப்படிக் கையால் ஓட்டிப் பார்ப்பதை டிரை ரன் என்பார்கள். அந்த அட்டவணைக்கு ட்ரேஸ் டேபிள் என்று பெயர். பல நாடுகளில் பத்தாம் வகுப்பு அளவில் நடக்கும் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தாளில் அட்டவணையின் தலைப்பை அச்சடித்துக் கொடுத்து "நிரப்புக" என்பார்கள். சிபிஎஸ்இ தாளில் "இந்த நிரலின் வெளியீட்டை எழுதுக" என்று வரும். அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி அளவில் நடக்கும் ஏபி பரீட்சையில் அதே கேள்வி பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வடிவில் வரும். எந்த வடிவில் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: கொஞ்ச நேரத்துக்கு நீ இயந்திரமாக இருக்க முடியுமா?

இது சுலபமான வேலை கிடையாது. 1986-இல் ராய் பீ என்ற ஆய்வாளர், நிரல் எழுதக் கற்பவர்கள் செய்யும் தவறுகளை ஆராய்ந்தார். பல தவறுகளுக்கு அடியில் ஒரே நம்பிக்கை இருப்பதைக் கண்டார். இயந்திரத்துக்குள் எங்கோ ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நாம் சொல்ல வந்ததை அது புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. அதற்கு அவர் வைத்த பெயர் சூப்பர்பக், எல்லாப் பிழைகளுக்கும் தாய்ப்பிழை என்று வைத்துக்கொள்ளலாம். மனிதர்களோடு பேசிப் பழகிய நமக்கு அந்த நம்பிக்கை இயல்பாக வருவது. "கதவைச் சாத்திவிட்டு வா" என்றால், கதவுக்கு இந்தப் பக்கம் வந்துதான் சாத்த வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. கணினிக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

2004-இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரியில் நிரல் எழுதக் கற்ற மாணவர்களிடம் சின்னச் சின்ன நிரல்துண்டுகளைக் கொடுத்து விடை கேட்டார்கள். நிரல் எழுதத் தெரியாமல் தவிப்பவர்களைப் பற்றி அதற்கு முன்பே பேச்சு இருந்தது. இந்தச் சோதனையில், எழுதிக் கொடுத்ததைப் படித்து ஓட்டிப் பார்ப்பதற்கே பலர் திணறுவது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: ஓரத்தில் மாறிகளின் மதிப்பைக் கிறுக்கி எழுதிக்கொண்டே வந்தவர்கள் கூடுதலாகச் சரியான விடை எழுதியிருந்தார்கள்.

எது கணினி அறிவியல்?

பள்ளியில் "கம்ப்யூட்டர் பாடம்" என்ற பெயரில் நெடுங்காலம் சொல்லித்தந்தது வேறு. கடிதம் தட்டச்சு செய்வது, கணக்குத்தாள் போடுவது, ஸ்லைடு தயாரிப்பது எல்லாம் அதில் இருந்தன. அவை பயனுள்ள திறமைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மென்பொருளை ஒருவர் எப்படிச் செய்தார் என்ற கேள்வி அங்கே எழவே எழாது. இங்கிலாந்தில் 2012-இல் அந்தப் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2014 செப்டம்பரிலிருந்து கம்ப்யூட்டிங் என்ற புதுப் பாடம் வந்தது. ஐந்து வயதிலிருந்தே அல்காரிதம் (படிப்படியான வழிமுறை) என்ற சொல்லை அங்கே பிள்ளைகள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஏபி கணினி அறிவியல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று ஜாவாவில் ஆழமாக நிரல் எழுதுவது. 2017-இல் முதல் பரீட்சை கண்ட மற்றொன்று, குறிப்பிட்ட மொழி எதையும் கட்டாயமாக்காமல் இணையம், தரவு, சமூகத் தாக்கம் வரை அகலமாகத் தொடுவது.

பெற்றோர் அதிகம் கவலைப்படுவது எந்த மொழி என்பதைப் பற்றித்தான். பைத்தானா, ஜாவாவா, சி பிளஸ் பிளஸ்ஸா? என் அனுபவத்தில் இந்தக் கவலைக்குக் கொடுக்கும் நேரம் ரொம்ப அதிகம். ஏபி பரீட்சை 1984-இல் பாஸ்கல் மொழியில் தொடங்கியது, 1999-இல் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாறியது, 2004-இல் ஜாவாவுக்கு வந்தது. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து பைத்தானுக்கு நகர்ந்தது. தமிழ்நாட்டில் 2018, 2019-இல் வந்த புதிய புத்தகங்களில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்கு பைத்தான். மொழி மாறிக்கொண்டே இருக்கிறது. மாறி, நிபந்தனை, லூப், ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு), அணி (மதிப்புகளின் பட்டியல்) ஆகிய ஐந்தும் எங்கேயும் போகவில்லை. கேம்பிரிட்ஜ் பரீட்சையும் ஏபியின் இரண்டாவது பரீட்சையும் எந்த மொழியையும் சேராத ஒரு போலிநிரலைத் தாங்களே வகுத்துக் கேள்வித்தாளில் பயன்படுத்துவது இதனால்தான்.

மொழிக்கு மொழி வேறுபடும் இடங்களில் கால் இடறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பைத்தானிலும் ஜாவாவிலும் பட்டியலின் முதல் உறுப்புக்கு இட எண் 0. ஏபியின் போலிநிரலில் அது 1. பைத்தானில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் கட்டளைக்கு 1, 5 என்று கொடுத்தால் 4-உடன் நின்றுவிடும். ஒன்று கூட, ஒன்று குறைய வரும் இந்தத் தவறுதான் விடைத்தாள்களில் நான் அதிகம் பார்ப்பது.

சமக்குறி என்ற பொறி

கணக்கு வகுப்பில் "எண் = எண் + 1" என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று பெரியதாக இருக்க முடியாது. அடுத்த வகுப்பில் அதே மாணவரிடம், அதே குறியைப் போட்டு, இது சரியான கட்டளை என்கிறோம். வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கப் பெட்டியில் வை என்பது இங்கே அதன் பொருள். இதைத் தெளிவாகச் சொல்லாமல் தாண்டிப் போகிற வகுப்புகளில்தான் குழப்பம் வேர்விடுகிறது.

அ-வில் 5 இருக்கிறது, ஆ-வில் 7 இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். "அ = ஆ, ஆ = அ" என்று எழுதினால் போதும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் படுகிறது. முதல் வரி ஓடியதுமே அ-வில் இருந்த 5 அழிந்துபோய் 7 வந்துவிடுகிறது. இரண்டாவது வரி ஆ-வில் எடுத்து வைப்பது அந்த 7-ஐத்தான். இரண்டிலும் 7. ஒன்றைத் தற்காலிகமாக எடுத்து வைக்க மூன்றாவதாக ஒரு மாறி வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்த தருணங்களில் ஒன்று.

இதைவிடக் கொஞ்சம் பெரிய கணக்கு ஒன்று இத்துறை ஆசிரியர்களிடையே பிரபலம். 1980-களில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே கொடுத்தது. எண்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இரு, 99999 வந்ததும் நிறுத்து, வந்த எண்களின் சராசரியைச் சொல். கடைசியில் வரும் 99999 நிறுத்தச் சொல்லும் அடையாளம், அது கணக்கில் சேராது. கேட்கும்போது ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். பலர் எழுதுவது இது:

தொகை = 0
எத்தனை = 0
எண்ணை வாங்கு
எண் 99999 ஆகாதவரை திரும்பச் செய்:
    எண்ணை வாங்கு
    தொகை = தொகை + எண்
    எத்தனை = எத்தனை + 1
தொகை / எத்தனை என்பதைக் காட்டு

10, 20, 99999 என்று கொடுத்து ஓட்டிப் பார்ப்போம். லூப்புக்கு வெளியே 10 வாங்கப்படுகிறது. உள்ளே நுழைந்ததும் 20 வாங்கப்பட்டு 10-இன் மேல் உட்கார்ந்துவிடுகிறது. 10 எங்கும் கூட்டப்படாமலே போய்விட்டது. அடுத்த சுற்றில் 99999 வாங்கப்பட்டு, சரிபார்க்கப்படும் முன்னரே தொகையில் சேர்ந்துவிடுகிறது. 15 வர வேண்டிய இடத்தில் 50,009.5 வருகிறது. லூப்புக்குள் எண்ணை வாங்கும் வரியை அதன் கடைசிக்கு நகர்த்தினால் இரண்டு பிழையும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். எந்தக் கட்டளையும் புதிதாகச் சேரவில்லை. எது முதலில், எது பிறகு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதே நிரலை மனப்பாடம் செய்து வந்த மாணவர், கேள்வியில் "சராசரிக்குப் பதில் மிகப்பெரிய எண்ணைச் சொல்" என்று மாறியதும் அப்படியே நின்றுவிடுவார். ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டவருக்கு அதை மாற்றி எழுதச் சில நிமிடம் போதும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அடுத்த பெரிய பகுதி, கணினி எதையும் எப்படி எண்ணாக வைத்துக்கொள்கிறது என்பது. 0, 1 மட்டும் கொண்ட இருநிலை எண்கள், பதினாறு குறிகள் கொண்ட பதினாறுநிலை எண்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எல்லாம் பயிற்சியால் வந்துவிடும். எட்டு பிட்டில் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1; எட்டு பிட் ஒரு பைட்) 0 முதல் 255 வரை வைக்கலாம். குறை எண்களும் வேண்டுமென்றால் -128 முதல் 127 வரை. 127-உடன் 1 கூட்டினால் 01111111 என்பது 10000000 ஆகிறது. குறை எண்களை எழுதும் இரண்டின் நிரப்பி முறையில் அதன் பொருள் -128. பெட்டி கொள்ளாமல் வழிந்துவிட்டது.

பரீட்சையில் இதற்கு ஒன்றிரண்டு மதிப்பெண்தான். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் இதே வகைத் தவறு ஒரு ராக்கெட்டைக் கொண்டுபோனது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் பெட்டிக்குள் மாற்றப் பார்த்தார்கள். அந்தப் பெட்டி 32,767-க்கு மேல் தாங்காது, வந்த எண் அதைவிடப் பெரியது. கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட் பாதை மாறி வெடித்துச் சிதறியது. வழிதல் என்ற தலைப்பை நடத்தும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

எழுத்துகளும் எண்கள்தான். எழுத்துகளுக்கு எண் தரும் பழைய ஆஸ்கி முறையில் 7 பிட், மொத்தம் 128 குறிகள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ 65, சிறிய ஏ 97. இரண்டுக்கும் இடைவெளி 32 என்பது கேள்வித்தாள்களில் அடிக்கடி உதவும். உலக மொழிகளுக்கு 128 குறிகள் எந்த மூலைக்கும் போதாது, அதற்காக வந்ததுதான் யூனிகோடு. இங்கே நம் மாணவர்களுக்கு நம் மொழியிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? இலக்கணப்படி மூன்று: த, மி, ழ். பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். த ஒன்று, ம ஒன்று, இகரத்தின் கொக்கி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. த-வுக்கு யூனிகோடு எண் 2980. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக அந்த ஒரு சொல்லுக்கு 15 பைட். ஓர் எழுத்து, ஒரு குறி, ஒரு பைட் என்று மூன்றும் வேறு வேறு என்பதை ஆங்கில உதாரணத்தை வைத்து விளக்கினால் மணிக்கணக்கில் ஆகும். தமிழில் ஒரே சொல்லில் விளங்கிவிடுகிறது.

படமும் ஒலியும் கணக்குகளாகவே வரும். 1920 குறுக்கே, 1080 நெடுக்கே, புள்ளிக்கு 24 பிட் என்றால் சுருக்காத படத்துக்கு 62,20,800 பைட். நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு தடம் என்றால் ஒரு நிமிட ஒலிக்கு 1,05,84,000 பைட். பிட்டையும் பைட்டையும் மாற்றி எழுதி எட்டு மடங்கு தவறவிடுபவர்கள் இங்கே அதிகம். அலகைக் கூடவே எழுதிக்கொண்டு வந்தால் தவறாது.

உம், ஓ, இல்லை

தருக்க வாயில்கள் (மெய், பொய் உள்ளீட்டிலிருந்து ஒரு விடை தரும் சுற்றுகள்), மெய் அட்டவணை (எல்லா உள்ளீட்டுக்கும் விடைப் பட்டியல்) என்ற பகுதி எளிது. ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதிய தருக்கக் கணிதத்தை, கிளாட் ஷானன் 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் மின்சுற்றுகளோடு இணைத்தார். மூன்று உள்ளீடு என்றால் எட்டு வரிசை, விட்டுப்போகாமல் எழுதினால் மதிப்பெண் உறுதி.

கஷ்டம் வருவது இதை நிரலுக்குள் கொண்டுவரும்போது. "நிறம் சிவப்போ நீலமோ இல்லை" என்கிறோம். காதுக்குக் கேட்பது "ஓ", ஆகவே மாணவர் "நிறம் சிவப்பு இல்லை அல்லது நிறம் நீலம் இல்லை" என்று நிபந்தனை எழுதுகிறார். சிவப்பைக் கொடுத்துப் பாருங்கள். அது நீலம் இல்லை, ஆகவே நிபந்தனை மெய். நீலத்தைக் கொடுங்கள். அது சிவப்பு இல்லை, ஆகவே மறுபடியும் மெய். எந்த நிறத்தைக் கொடுத்தாலும் மெய்தான், நிபந்தனை எதையும் வடிகட்டவே இல்லை. "சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை" என்று உம்மைத்தொடராக மாற்றிச் சொல்லிப் பார்த்தால் "அண்ட்" போட வேண்டிய இடம் தெரிந்துவிடும். டி மார்கன் விதி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பேச்சில் இந்த ஓ-வையும் உம்மையும் பிள்ளைகள் பிசகாமல் கையாள்கிறார்கள். அந்தப் பழக்கத்தை வகுப்பில் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

தேடலும் வரிசைப்படுத்தலும்

1,000 பெயர்களில் ஒன்றை முதலிலிருந்து தேடினால் மோசமான நிலையில் 1,000 முறை பார்க்க வேண்டும். அகரவரிசையில் இருந்தால் நடுவில் திறந்து, பாதியை ஒதுக்கி, மறுபடி பாதியை ஒதுக்கிக்கொண்டே போகலாம். 10 முறைக்குள் முடிந்துவிடும். 10 லட்சம் பெயர் என்றாலும் 20 முறைதான். பட்டியல் ஆயிரம் மடங்கு பெரிதானாலும் வேலை இரண்டே மடங்கு கூடுகிறது. வேகமான கணினி வாங்குவதற்கும் நல்ல வழிமுறை கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாணவர்களுக்கு உறைக்கும் இடம் இது.

பரீட்சையில் இங்கே ஒரு பழைய பொறி உண்டு. "5, 2, 4, 1 என்ற பட்டியலில் குமிழி வரிசையாக்கத்தின் முதல் சுற்று முடிந்ததும் என்ன இருக்கும்?" என்று கேட்பார்கள். 1, 2, 4, 5 என்று எழுதிவிட்டு வருபவர்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டு, பெரியதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும் முறை இது. முதல் சுற்றில் 5 ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசிக்குப் போகிறது, அவ்வளவுதான். 2, 4, 1, 5. நமக்கு முடிவு தெரிந்திருப்பதே இங்கே இடைஞ்சல். இயந்திரத்துக்கு அந்த நேரத்தில் முடிவு தெரியாது.

நினைவகம், செயலி, வலையமைப்பு, பாதுகாப்பு, தனியுரிமை ஆகிய அலகுகள் பெரும்பாலும் படித்து நினைவில் வைக்க வேண்டியவை. மதிப்பெண் பங்கு பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் மாறும். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கான 70-இல் நிரலாக்கத்துக்கு 40, தரவுத்தளத்துக்கு 20, வலையமைப்புக்கு 10. மீதி 30 செய்முறைக்கு.

தரவுத்தளப் பகுதியில், அட்டவணைகளிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் எஸ்கியூஎல் மொழியின் கட்டளைகள் வரும். அங்கேயும் அதே பழைய கேள்விதான். ஐந்து பேரின் மதிப்பெண் 40, 60, 80, 20, ஒன்று மட்டும் நிரப்பப்படவில்லை. சராசரி என்ன? வெற்று மதிப்பை 0 என்று நாமாகவே எடுத்துக்கொண்டால் 40. எஸ்கியூஎல் வெற்றிடத்தைக் கணக்கிலேயே சேர்க்காது, நான்கு பேரால் வகுத்து 50 என்று தரும். "தெரியாது" என்பதும் "பூஜ்யம்" என்பதும் அதற்கு வெவ்வேறு.

தாளா, திரையா?

எல்லாப் பரீட்சையும் தாளில்தான் என்றும் சொல்ல முடியாது. பிளஸ் டூ அளவிலான கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் ஒரு செய்முறைத் தாளை இணையம் இல்லாத கணினியில், நிரலை ஓட்டிப் பார்த்தே எழுதுகிறார்கள். ஏபியின் ஜாவா பரீட்சை 2025-இல் திரைக்கு வந்தது. விடையைத் தட்டச்சு செய்யலாம், ஓட்டிப் பார்க்க முடியாது. அங்கே தேர்வாளர்கள் இயந்திரத்தைப் போல, கட்டளை முடிவில் விட்டுப்போன ஓர் அரைப்புள்ளிக்காக விடையைத் தூக்கி எறிவதில்லை. நோக்கம் தெளிவாக இருந்தால் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். நிரலைப் பகுதி பகுதியாகப் பார்த்து மதிப்பெண் தரும் முறை வேறு பல பரீட்சைகளிலும் உண்டு. ஆகவே முழு நிரலும் வராவிட்டாலும் தெரிந்த பகுதியை எழுதி வைக்க வேண்டும். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது.

வீட்டிலோ வகுப்பிலோ செய்யும் புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் தருவதே நியாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நிஜமான நிரலாளர் தாளில் எழுதுவதில்லை. ஆனால் இங்கிலாந்தில் பத்தாம் வகுப்பு அளவிலான ஜிசிஎஸ்இ கணினி அறிவியலில் 20 சதவீதம் வைத்திருந்த செய்முறைப் பணியின் தீர்வுகள் இணையத்தில் பரவிவிட்டன. 2018-இல் அந்தப் பணியை மதிப்பெண் கணக்கிலிருந்தே நீக்கினார்கள். நேர்மையாக உட்கார்ந்து செய்த மாணவர்களின் உழைப்பும் அதோடு சேர்ந்து போனது.

ஏபியின் இரண்டாவது பரீட்சை வேறு வழி கண்டது. மாணவர் தன் சொந்த நிரலை வகுப்பு நாட்களில் செய்கிறார், அதற்கு 30 சதவீதம். ஆனால் 2024 முதல் அந்த நிரலைப் பற்றிய எழுத்துக் கேள்விகளுக்குப் பரீட்சை அறையில்தான் பதில் எழுத வேண்டும். உன் நிரலின் இந்தப் பகுதி என்ன செய்கிறது, இந்த உள்ளீடு வந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அங்கே திணற வேண்டியதுதான். நான் பார்த்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான்.

ஏஐ கருவிகள் நொடியில் நிரல் எழுதித் தரும் இந்தக் காலத்தில், பிள்ளைகள் இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்ற கேள்வி இப்போது என்னிடம் வராத வாரம் இல்லை. பதிலுக்கு நான் அந்தச் சராசரிக் கணக்கைத்தான் எடுத்து வைப்பேன். எண் வாங்கும் வரியை லூப்பின் கடைசிக்கு நகர்த்திய, திருத்திய வடிவத்தை. 10, 20, 99999 கொடுத்தால் 15 வருகிறது. 7, 99999 கொடுத்தால் 7 வருகிறது. யார் எழுதியிருந்தாலும், எது எழுதியிருந்தாலும், பார்வைக்குச் சரியான நிரல்.

இப்போது முதல் எண்ணாகவே 99999-ஐக் கொடுங்கள். தொகை 0. எத்தனை 0. லூப்புக்குள் ஒரு முறைகூட நுழையாமல் நேராகக் கடைசி வரிக்கு வந்துவிடுகிறோம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகு என்கிறது அந்த வரி. பைத்தான் போன்ற மொழிகளில் நிரல் அங்கேயே பிழை காட்டும். வகுப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வேண்டும்: எத்தனை 0 என்றால், "எண் எதுவும் வரவில்லை" என்று காட்டு.